ஆயாக்காவின் மடியில் பல் அரைத்த முயல்

வாழ்க்கையில் நான் பொறாமைப்படாத ஆளே கிடையாது. பக்கத்து வீட்டுக்காரியின் சங்கிலி மேல் பட்டிருக்கிறேன். எனக்குத் தலை வெளுத்த பிறகும் கறுகறுவென்று திரிகிற என் தங்கையின் கொண்டை மேல் பட்டிருக்கிறேன். ஒரு முறை, சொன்னால் வெட்கம், கோயில் அர்ச்சகரின் குரல் மேல்கூடப் பட்டிருக்கிறேன். ஆனால் சோறு இறங்காமல், தூக்கம் கெட்டு, அடிவயிறு பற்றி எரிய ஒருத்தி மேல் பொறாமைப்பட்டேன் என்றால் அது எங்கள் தோட்டத்து ஆயாக்கா மேல்தான். நகையோ அழகோ காரணமில்லை. ஒரு முயல்தான் காரணம்.

சிரிப்பவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

ஜப்பான்காரன் காலம். சிரம்பானிலிருந்து ராசா என்கிற ஊரைத் தாண்டி, போர்ட்டிக்சன் போகிற ரோட்டை ஒட்டி எங்கள் தோட்டம். பால் வெட்டு நின்றுபோய், ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். கடிகாரத்தை டோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டதால், காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக்குக் கும்மிருட்டில் போய் நிற்போம். வேலைக்குப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவதற்கு எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்தின் கோடியில் ஆயாக்கொட்டாய் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள்தான் ஆயாக்கா. வயது முப்பத்தைந்து இருக்கலாம். குட்டை, குண்டு, தொண்டை மட்டும் ரயில் ஊதல். சொந்தப் பெயர் என்னவென்று எனக்குக் கடைசிவரை தெரியாது. அவளுக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தும். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொல்வாள். "மூணாந்தூளி பசி. அந்தக் கறுப்பனுக்கு எறும்பு கடிச்சிருக்கு. இந்தக் குட்டி சும்மா, பாசாங்கு." போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். பேசத் தெரியாதவர்களோடு பழகிப் பழகி, பேசுகிறவர்கள் சொல்வதை அவள் காதில் வாங்குவதையே விட்டுவிட்டாள். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி வந்து ஏதோ விளக்கிக்கொண்டிருப்பார். இவள் எட்டி அவர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தமே இல்லியே சாமி, முருங்கக்கீர தின்னு" என்பாள். கிராணிக்கு ஐம்பது வயது. அவருடைய மூக்கையும் ஒரு முறை முந்தானையால் துடைத்துவிட்டாள் என்று சொல்வார்கள். அதை நான் பார்க்கவில்லை, ஆனால் நம்புகிறேன்.

அதைவிடப் பெரியது ஜப்பான் அதிகாரி வந்த கதை. லாரியிலிருந்து இறங்கியதும் எல்லாரும் இடுப்பு ஒடியக் குனிந்தோம். அந்த மனிதன் முகம் சிவக்க உறுமினான். ஆள்களை மேய்த்து வேலை வாங்குகிற மண்டோர் இன்னும் தாழக் குனிந்தார். குனிந்தபடியே ஆயாக்கா தலையை மட்டும் தூக்கிப் பார்த்தாள்.

"ஏய், அவன் கோவமா இல்லடி. தொடய ரெண்டையும் சேத்து வச்சிக்கிட்டு நிக்கிறான் பாரு. வயித்து வலி."

"ஐயோ, வாய மூடுலா!" என்று மண்டோர் மண்ணைப் பார்த்தபடி கெஞ்சினார்.

அவள் கேட்டால்தானே! கொட்டாய்க்குள் போய்ப் பிள்ளைகளுக்கு வைத்திருந்த ஓமத்தண்ணிப் போத்தலை எடுத்துவந்து, அவன் வயிற்றைச் சுட்டிக்காட்டி நீட்டினாள். தலை போயிற்று என்று நாங்கள் கண்ணை மூடிக்கொண்டோம். திறந்தபோது அவன் குடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஓர் ஏப்பம் விட்டான். பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டான். அடுத்த முறை வந்தபோது குவளையைக் கையோடு கொண்டுவந்திருந்தான். அன்றைக்கே எனக்கு லேசாக எரிந்தது. குனிந்து குனிந்து இடுப்பு போனது எனக்கு, பேர் அவளுக்கா?

இனி என் முயலுக்கு வருகிறேன். என் முயல் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிய அன்று பங்களா திறந்து கிடந்தது. ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மண்டோர் வீட்டுக்குத் திரைச்சீலை போனது. அதில் தைத்த சட்டையை அவர் இரண்டு வருஷம் போட்டார், பெரட்டில் பூப்பூவாக நிற்பார். நான் எப்போதும் போலத் தாமதம். போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியிருந்தது, துரைசாணி வளர்த்த வெள்ளை முயல் ஒன்றுதான். துரைசாணி அதை ரோசி என்று கூப்பிடுவாள். லயத்துக்கு வந்த மறுநாளே அது ரோசாயி ஆகிவிட்டது.

ஒரு வருஷம் கழித்து என் வீட்டுக்காரரைச் சயாமுக்கு லாரியில் ஏற்றினார்கள். "மூணே மாசம், ரயில் ரோடு போடுற வேல, ஓடி வந்துருவேன்" என்றார். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம். மூன்று மாதம் ஆறானது, ஆறு ஒன்பதானது, ஒரு சேதியும் இல்லை. வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுகிற ஜீவன் ரோசாயி மட்டும்தான். அது என்மேல் பிரியமாக இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததில் என்ன தப்பு?

அது என்மேல் பிரியமாக இல்லை. பெரட்டு முடிந்து, கிழங்குக் காட்டில் காய்ந்து வந்து, "என் கண்ணு" என்று காதைப் பிடித்துத் தூக்கினால் உதைக்கும். மூக்கில் முத்தம் கொடுத்தால் உறுமும். முயல் உறுமும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. கீழே விட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் பின்னங்காலால் தரையை ஓங்கி ஓர் அறை அறையும், டொம் என்று. நான் அதைக் கொஞ்சல் என்று வைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் ஆயாக்கா உப்புக் காய்ச்சக் கடல் தண்ணி எடுக்கச் சி ரூசா கடற்கரைக்கு நடந்துபோய்விட்டுத் திரும்பும் வழியில், கால் வலிக்கிறதென்று என் வீட்டில் உட்கார்ந்தாள். அந்த டொம் சத்தம் கேட்டது.

"ஏ பாக்கியம், இது உன்னப் பாத்துப் பயப்படுதுடி."

"பயமா? என்னப் பாத்தா? அது வெளையாடுதுக்கா."

"வெளையாட்டா? காதப் பாரு. ஒடம்ப வெறப்பா வச்சிக்கிட்டுக் காத முதுகோட ஒட்டி மடிச்சிருக்கு, அது கோவம். சொகமா நீட்டிப் படுத்துக்கிட்டு மடிச்சா அது வேற. கருடன் தூக்குற மாரி மேலருந்து தூக்குனா எது பயப்படாது? தூக்காத. தரையில ஒக்காரு. சும்மா இரு. அதுவா வரும்."

சொல்லிவிட்டு அவள் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முயலைப் பார்க்கவே இல்லை. வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் போயிருக்கும். ரோசாயி கட்டிலடியிலிருந்து வெளியே வந்தது. மூக்கை நீட்டி அவள் பாதத்தை முகர்ந்தது. பிறகு முகவாயை அவள் கட்டைவிரலில் வைத்துத் தேய்த்தது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

"என்னாக்கா பண்ணுது?" என்றேன்.

"பட்டா போடுது. இந்தக் காலு என்னோடதுன்னு."

எனக்கு அந்த வினாடி காதில் புகை வந்தது. இரண்டு வருஷமாகக் கீரை பறித்துப் போட்டவள் நான். பட்டா அவள் காலுக்கு! அதோடு விட்டதா? அவள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடியது. பிறகு மடியில் ஏறிப் பொத்தென்று சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, பல்லை மெல்ல, காதை வைத்துக் கேட்டால் மட்டும் கேட்கிற மாதிரி, அரைத்தது.

"இது என்னாக்கா?"

"பூனைக்குத் தொண்டையில வர்றது, இதுக்குப் பல்லுல வருது. சொகம்" என்றாள் அந்தப் பாவி.

அன்றிலிருந்து ஆயாக்கா தினமும் வந்தாள். ரோசாயி அவள் செருப்புச் சத்தத்துக்கே நிமிர்ந்து உட்கார்ந்தது. ஒரு நாள் அவளைப் பார்த்ததும் அந்தரத்தில் எம்பிக் குதித்து, உடம்பை ஒரு பக்கமும் தலையை இன்னொரு பக்கமும் முறுக்கிக்கொண்டு விழுந்தது. வலிப்பு என்று நினைத்து நான் கோயிலுக்கு ஓடித் திருநீறு வாங்கிவந்து நெற்றியில் அப்பினேன். ஆயாக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தோஷம் தாங்காமல் குதித்ததாம். என் வீட்டு வாசலில், என் முயல், அவளைக் கண்டு, சந்தோஷம் தாங்காமல்! திருநீறு பட்ட முகத்தோடு அது என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வைக்கு அர்த்தம் ஆயாக்கா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

நான் தாழ்ப்பாள் போட ஆரம்பித்தேன். அவள் ஜன்னல் வழியாக அதோடு பேசினாள். ஜன்னலைச் சாத்தினேன். அவள் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்தாள். உள்ளே அது கதவைப் பிறாண்டியது. கடைசியில் ஒரு நாள் நடு லயத்தில் நின்று நான் கத்தினேன்.

"ஆயாக்கா என் மொசல மயக்கி வச்சிருக்கா! கேக்க நாதியில்லையா?"

மண்டோர் திரைச்சீலைச் சட்டையோடு வந்தார். அவருக்கு ஜப்பான்காரனோடு இருந்த தொல்லையே போதும். "நாளைக்கிப் பெரட்டு முடிஞ்சதும் பஞ்சாயத்து" என்றார்.

எங்கள் தோட்டத்துப் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் பெண்டாட்டிச் சண்டையோ, அண்ணன் தம்பிச் சண்டையோ, யாருக்காகச் சண்டையோ அவரை நடுவில் நிறுத்துவார்கள், அவர் யாருக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறாரோ அந்த உறவு அற்றுப்போனதாக அர்த்தம். அதற்குமேல் பேச்சில்லை. மண்டோர் அதே சட்டத்தை முயலுக்கும் போட்டார். ஒரு பக்கம் நான். பத்தடி தள்ளி இன்னொரு பக்கம் ஆயாக்கா, இடுப்பில் ஒரு பிள்ளையோடு. நடுவில் ரோசாயி. சுற்றிலும் தோட்டமே நின்றது. சினிமா இல்லாத காலம் அல்லவா!

ரோசாயி முதலில் அசையவில்லை. பிறகு நாலு தத்துத் தத்தி ஆயாக்கா பக்கம் போனது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவளை எட்ட ஒரு முழம் இருக்கும்போது நின்று, அப்படியே திரும்பி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. முகம் என்னை நோக்கி. காது இரண்டும் விறைப்பாக என்னை நோக்கி. கண் இமைக்காமல் என்னையே பார்த்தது.

"ஆயாவுக்கு முதுகக் காட்டிருச்சி!" என்று மண்டோர் கையைத் தூக்கினார். "பாக்கியத்து மேலருந்து கண்ண எடுக்கல. மொசலு பாக்கியத்துக்கு. ஆயா இனிமே அந்த வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது."

ஆயாக்கா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நன்றாகவே பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டு, "சரிதான், மொசலே சொல்லிருச்சி" என்று பிள்ளையைத் தட்டியபடி போய்விட்டாள். நான் ரோசாயியைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனேன்.

ஜெயித்தாயிற்று, இனி அதன் மனசையும் ஜெயிக்க வேண்டுமே. எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பாடு. புல்லும் கீரையும் யார் வேண்டுமானாலும் போடலாம், நான் ராஜ உபசாரம் செய்தேன். என் பங்கு மரவள்ளிக்கிழங்கை அவித்து, மசித்து, உருட்டி ஊட்டினேன். நான் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தேன். முதல் நாள் ஆசையாகத் தின்றது. இரண்டாம் நாளும் தின்றது. மூன்றாம் நாள் காலையில், நான் கனவு கண்ட காரியம் நடந்தது. ரோசாயி மூலையில் உட்கார்ந்து பல்லை அரைத்தது!

அதுவும் எப்படி? ஆயாக்காவின் மடியில் அரைத்தபோது காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. எனக்காக அரைத்தது வாசல் வரை கேட்டது. நறநறவென்று. நான் வேலைக்குப் போகாமல் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டேன்.

"வந்து கேளுங்க! எம்மேல எவ்ளோ பிரியமின்னு கேளுங்க! ஆயாக்காவுக்கு இதுல பாதிகூட அரைக்கல!"

ஆளுக்கு ஆள் குனிந்து கேட்டார்கள். மண்டோரும் வந்து கேட்டார். "பிரியம்தாம்மா" என்றார், பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா கூனிப்போயி ஒக்காந்திருக்கே. எங்கப்பா மூட்டு வலியில பல்லக் கடிக்கிறப்ப இப்பிடித்தான்லா இருப்பாரு."

நான் அவரை முறைத்தேன். பிறகு முயலைப் பார்த்தேன். உடம்பை உருண்டையாகக் குறுக்கி வைத்திருந்தது. கண் மங்கியிருந்தது. காலையில் வைத்த கிழங்கு உருண்டை அப்படியே கிடந்தது. பெட்டிக்குள் வழக்கமாகக் குவிந்து கிடக்கும் புழுக்கை ஒன்றுகூட இல்லை. காதைத் தொட்டேன். சில்லென்றிருந்தது.

ஆயாக்கொட்டாய்க்கும் என் வீட்டுக்கும் எழுபது அடி தூரம்தான். அந்த எழுபது அடியையும் நான் என் பொறாமையோடு மல்லுக்கட்டிக்கொண்டே கடந்தேன். பாதி வழியில் ஒரு தடவை திரும்பிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செத்தாலும் என் முயலாகவே சாகட்டும் என்று ஒரு கணம் நினைத்தவள் நான். அந்த நினைப்பைக் கண்டு பயந்துபோய்த்தான் மீதி தூரத்தை ஓடினேன்.

கொட்டாய் வாசலில் போய் நின்றேன். ஆயாக்கா இடுப்புக்கொன்றாக இரண்டு பிள்ளைகளோடு நின்றாள்.

"பல்லு சத்தமா அரைக்குதா?" என்றாள். லயத்துக்கே கேட்கும்படி நான் பெருமையடித்தது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

"ஆமாங்க்கா."

"காது?"

"சில்லுன்னு இருக்கு."

"என்னா தின்னுச்சி?"

"கெழங்கு. மூணு நாளா."

"அடிப் பாவி மவளே" என்று இரண்டு பிள்ளைகளையும் என் கையில் திணித்துவிட்டு ஓடினாள். மண்டோரின் தீர்ப்பை மிதித்துக்கொண்டு என் வாசப்படி ஏறினாள். மண்டோர் தடுக்கவில்லை. அவர்தான் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சாக்கைச் சுடவைத்து ரோசாயியைச் சுற்றினாள். பிள்ளைகளுக்குப் புகட்டுகிற பாலாடையில் வெந்நீர் எடுத்து, வாயின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். வயிற்றை இரண்டு விரலால் நீவினாள், மாந்தம் கண்ட குழந்தைக்கு நீவுவதுபோல. கொஞ்ச நேரம் நீவுவாள், கீழே விட்டு நாலடி நடக்கவைப்பாள், மறுபடி நீவுவாள். நான் இரண்டு கத்துகிற பிள்ளைகளோடு நின்றுகொண்டு, "பொழச்சிக்குமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் நீவிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பதில் தெரியாத ஒரே கேள்வியை அன்றுதான் நான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

பகல் சாய்கிற நேரம். கிழங்குக் காட்டிலிருந்து திரும்பியவர்கள் மண்வெட்டியோடு வாசலில் நின்றார்கள். ரோசாயி மூலைக்குப் போய், வாலைத் தூக்கி, முக்கியது. மிளகு அளவு ஒரு புழுக்கை விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஐந்தாறு.

"போட்டுருச்சி!" என்று மண்டோர் கத்தினார் பாருங்கள், ரோட்டில் போன மாட்டுவண்டி நின்றுவிட்டது. லயமே கை தட்டியது. முதல் பேரன் பிறந்ததற்கு அவர் அப்படிக் கத்தியதில்லை என்று அவர் சம்சாரம் பிறகு குறைபட்டுக்கொண்டாள்.

கூட்டம் கலைந்தது. ரோசாயி ஒரு புல்லை எடுத்துக் கொறித்தது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீயே வச்சிக்கக்கா. பஞ்சாயத்துல ஒனக்கு முதுகக் காட்டினாலும் பரவால்ல" என்றேன்.

"அட மக்கு" என்றாள். "முதுகக் காட்டுனா நம்புதுன்னு அர்த்தம். பின்னால யாரு இருக்கான்னு பயமே இல்லன்னு அர்த்தம். உன்னக் கண்ணு மூடாமப் பாத்துச்சே, எப்ப வந்து காதப் புடிப்பாளோன்னு பாத்துச்சி."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"உன் காதப் பாத்தேன். ரெண்டும் முதுகோட ஒட்டியிருந்துச்சி. அவரு போனதுலருந்து அப்பிடித்தான் இருக்கு. ஒண்ணையாச்சும் ஜெயிச்சா தூங்குவியேன்னு விட்டேன்." பிறகு என் கன்னத்தைப் பிடித்து, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "கெழங்க அதுக்குப் போட்டுட்டு, நீ என்னாத்தத் தின்னே?"

ஒன்பது மாதமாக என்னிடம் யாரும் அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் அழுத அழுகையில் மிரண்டு ரோசாயி தரையை டொம்மென்று அறைந்தது. ஆயாக்கா என் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, பின்கழுத்தை நீவிவிட்டாள். வெற்றிலையும் பிள்ளைகளின் எண்ணெயும் கலந்த வாசனை. அங்கே படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. முயல் அவளிடம் போனதற்காக நான் எரியவில்லை. அந்த மடி அதற்குக் கிடைத்ததே என்றுதான் அத்தனை நாளும் எரிந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக வந்தவர் இன்றைக்குக் குறட்டை விட்டு என் தூக்கத்தைக் கெடுக்கிறார், அது வேறு கதை. ஜப்பான்காரன் போன பிறகும் ஆயாக்கா அதே கொட்டாயில்தான் இருந்தாள், சாகிறவரை. அவள் தூளியில் வளர்ந்தவர்களை இப்போதும் அங்கங்கே பார்க்கிறேன். ஒருவன் லோபாக்கில் கடை வைத்திருக்கிறான், ஒருத்தி பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. எல்லாருக்கும் தொப்பை போட்டு, தலை நரைத்து, வயதாகிவிட்டது. கண்டால் சிரித்துப் பேசிவிட்டுத்தான் வருகிறேன். ஆனால் உள்ளுக்குள் அவர்கள் ஒவ்வொருவர் மேலும் எனக்குப் பொறாமைதான். நான் ஒரு சாயங்காலம் மட்டும் படுத்திருந்த மடியில், அவர்கள் வருஷக்கணக்கில் தூங்கியிருக்கிறார்கள்.